கேரவன் மடக்குப் படி உடைஞ்சு தொங்குது: சேலத்துல சரி பண்ணலாமா, முழு யூனிட்டையும் மாத்தணுமா?

நாகலூர் வண்டி
வணக்கங்க. எங்களுது ஃபோர்ஸ் டிராவலர் சேஸிஸ்ல கட்டின கேரவன். பக்கக் கதவுக்குக் கீழே மோட்டார் வெச்ச மடக்குப் படி இருக்கு. கதவைத் திறந்தா வெளிய வரும், மூடினா உள்ள போயிரும். இப்ப ஏற்காட்டுல, நாகலூர் ரோட்டுல சொந்தக்காரங்க தோட்டத்துல வண்டி நிக்குது. அப்பா இறங்கும்போது டப்புனு ஒரு சத்தம், படி ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. கைப்பிடிய பிடிச்சிருந்ததால விழல. குனிஞ்சு பார்த்தா முன்சக்கரப் பக்கம் படியத் தாங்குற ஆர்ம் (இரும்புக் கை) துளைக்கிட்ட முறிஞ்சிருக்கு. பின்பக்க ஆர்ம் முழுசாத்தான் இருக்கு. மோட்டார் சுத்துற சத்தம் கேக்குது, ஆனா படி பாதியில நின்னு முறுக்குது.

வண்டி கட்டிக் கொடுத்த இடத்துல கேட்டா "அதெல்லாம் சரி பண்ண மாட்டோம், முழு யூனிட் மாத்தணும், ஆர்டர் போட்டுத்தான் வரவைக்கணும்"னு சொல்றாங்க. விலையக் கேட்டதும் அம்மா ஒரு ஸ்டூல் வாங்கி வெச்சுக்கலாம்னுட்டாங்க. சேலத்துல யாராவது இதை வெல்டு வெச்சுத் தருவாங்களா? அதுக்கு முன்னாடி மலை எப்படி இறங்குறது?

மேட்டூர்க்காரன்
ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில். படியோட ஃப்யூஸைக் கழட்டுங்க. அதோட மோட்டாருக்குப் போற கனெக்டரையும் பிரிச்சு டேப் சுத்திடுங்க. நிறைய வண்டியில சாவி திருப்பினதும் படி உள்ள போகணும்னு தனியா ஒரு வயர் கொடுத்திருப்பாங்க. நீங்க கட்டி வெச்சிருக்கிற படிய மோட்டார் இழுத்துச்சுன்னா ஒண்ணு கயிறு அறுந்துரும், இல்ல கியர் போயிரும்.

அப்புறம் படியக் கையால உள்ள தள்ளி, லாரிக்காரங்க வெச்சிருக்கிற ராட்செட் பெல்ட் போட்டுச் சேஸிஸோட இறுக்குங்க. நைலான் கயிறு வேண்டாம், அதிர்வுல தளர்ந்துரும். பிரேக் பைப், டீசல் ஹோஸ், ஜாயின்ட் ஷாஃப்ட், சைலன்சர் இது நாலுலயும் பெல்ட் உரசாமப் பாத்துக்கோங்க. சைலன்சர் சூட்டுல பெல்ட் உருகிரும்.

முடிஞ்சா படிய மொத்தமா கழட்டி வண்டிக்குள்ள போட்டுட்டு இறங்குறதுதான் உத்தமம். பெரும்பாலும் நாலு போல்ட்டுதான் இருக்கும். நம்ம ஊர்ல கதவு இடப்பக்கம். ஏற்காடு ரோட்டுல இருக்கிறது 20 கொண்டை ஊசி வளைவு. இடப்பக்கம் திரும்புற ஒவ்வொரு வளைவுலயும் தொங்குற படி கல்லையோ, ஓரமா வர்ற டூவீலரையோ தேடிப் போகும்.

அஸ்தம்பட்டி அரட்டை
குப்பனூர் வழியா இறங்கினா வளைவு கம்மி இல்லீங்களா? அயோத்தியாப்பட்டணம் வந்து சேலம் வந்துரலாம்.

மேட்டூர்க்காரன்
கம்மிதான், ஆனா ரோடு ஒடுக்கம். எதிர்ல பஸ் வந்தா ஓரம் கட்டணும், ஓரத்துல உரசும். படி கழட்டியாச்சுன்னா எந்த வழியா வேணா வரட்டும். கோடை விழா நேரமா இருந்தா எது ஏறுற வழி, எது இறங்குற வழின்னு போலீஸ் மாத்தி விட்டிருப்பாங்க, அதையும் கேட்டுக்கோங்க.

சங்ககிரி லாரி
இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? அடிவாரம் இறங்கி பைபாஸ்ல எந்த லாரிப் பட்டறைக்குள்ள வேணாலும் நுழைங்க. முறிஞ்ச இடத்துல வெல்டு, மேல ஒரு பட்டை வெச்சு இன்னொரு வெல்டு. பத்து நிமிஷ வேலை. எங்க லாரி கேபின் படி எத்தனை தடவை வெல்டு வெச்சது தெரியுமா, இன்னும் மூட்டை தூக்கிட்டு அதுலதான் ஏறுறாங்க.

கொண்டலாம்பட்டி லேத்
சங்ககிரி அண்ணா கோவிச்சுக்காதீங்க, உங்க லாரிப் படி அசையாத படி. ஆங்கிள்ல அடிச்சு வெச்சது, வெல்டு தாங்கும். இவருது மடங்குற படி. நாலு பின்னுல தொங்குது. அங்க வெல்டு மட்டும் வெச்சா திரும்ப முறியும்.

தம்பி நாகலூர், ஒரு சோதனை பண்ணுங்க. முறியாத பின்பக்க ஆர்மைக் கையால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. பின் துளைக்குள்ள ஆடுதா? டார்ச் அடிச்சுப் பாருங்க, துளை வட்டமா இருக்கா, முட்டை மாதிரி நீண்டிருக்கா?

நாகலூர் வண்டி
பாத்தேங்க. நல்லாவே ஆடுது. துளை நீண்டுதான் இருக்கு. கிட்டத்தட்ட 3 எம்எம் விளையாட்டு இருக்கும். ஆனா அது முறியாத பக்கமாச்சே?

கொண்டலாம்பட்டி லேத்
அதனாலதான் கேட்டேன். முறிஞ்சது முன்பக்கம், கெட்டது பின்பக்கம்.

கணக்கா சொல்றேன். படியோட வெளி விளிம்பு, ஆர்ம் சுத்துற பின்னுல இருந்து 25 செமீ தள்ளி இருக்குன்னு வைங்க. நூறு கிலோ ஆள் அந்த விளிம்புல கால் வைக்கிறார். படி கீழ சாயாமத் தடுக்கிறது ஆர்ம்ல இருக்கிற ஸ்டாப்பர். அது பின்னுல இருந்து 5 செமீ தூரத்துல இருந்தா, அஞ்சு மடங்கு. ஸ்டாப்பர் மேல 500 கிலோ. ரெண்டு பக்கமும் ஒழுங்கா இருந்தா ஆளுக்கு 250 கிலோ பங்கு போட்டுக்கும். பின்பக்கத் துளை 3 எம்எம் தேஞ்சு போச்சுன்னா, அந்த ஆர்ம் ஸ்டாப்பரைத் தொடறதுக்கு முன்னாடியே முன்பக்க ஆர்ம் தொட்டுரும். 500ம் ஒத்தை ஆர்ம்லதான். இது சும்மா நிக்கிறதுக்கான கணக்கு. பசங்க உள்ள இருந்து தொப்புனு குதிச்சா இன்னும் எகிறும்.

முன்பக்கத்துல மட்டும் வெல்டு வெச்சா பங்கு பிரியாம அப்படியேதான் இருக்கும். திரும்ப அங்கயே, வெல்டுக்குப் பக்கத்துல முறியும். வெல்டு வெச்ச இடத்தை விட அதை ஒட்டின இடம்தான் சூட்டுல தன்மை மாறிப் பலவீனமா இருக்கும்.

சங்ககிரி லாரி
சரி, கணக்கு புரியுது. அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?

கொண்டலாம்பட்டி லேத்
யூனிட்டை வண்டியில இருந்து கழட்டி எடுத்துட்டு வரணும். ரெண்டு பக்க ஆர்மும் புதுசா வெட்டணும். பழசு 6 எம்எம் பட்டைன்னா 8 எம்எம் எம்எஸ் (சாதா இரும்பு) பிளேட்ல வெட்டுங்க. பழைய ஆர்மை வெச்சு மார்க் பண்ணாதீங்க, அது வளைஞ்சிருக்கும், துளையும் நீண்டிருக்கு. முறிஞ்ச ரெண்டு துண்டையும் சேர்த்து வெச்சு, துளை மையத்துக்கு மையம் எவ்வளவுன்னு வெர்னியர்ல அளந்து, அந்த அளவுல புதுசா போடணும். ரெண்டு ஆர்மையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுக் கிளாம்ப் பண்ணி ஒரே தடவையில துளை போட்டா, ரெண்டும் ஒரே மாதிரி வரும். இதுதான் முக்கியம். அரை எம்எம் வித்தியாசம் வந்தாலும் படி கோணி நின்னு மோட்டாரை முறுக்கும்.

துளையில நேரா பின் போடாதீங்க. இரும்புல இரும்பு உரசினா எதைத் தேய்க்கணும்னு அதுங்களே முடிவு பண்ணும். 12 எம்எம் பின்னுனா துளைய 16ஆ போட்டு, உள்ள 16க்கு 12 கன்மெட்டல் புஷ் (வெண்கல வகை உலோகத்துல செஞ்ச சின்னக் குழாய்) அடிங்க, காலரோட. தேஞ்சா புஷ்தான் தேயும், அதை மாத்திக்கலாம். பின் சும்மா த்ரெட் போட்ட போல்ட்டா இருக்கக் கூடாது. த்ரெட் பகுதி துளைக்குள்ள உக்காந்தா அரம் மாதிரி அறுக்கும். உங்க படியில நடந்தது அதுவாத்தான் இருக்கும்னு என் கணிப்பு. ஷேங்க் (த்ரெட் இல்லாத தண்டு) வழவழன்னு இருக்கிற போல்ட், வெளிய நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் வெச்சது, தானா தளராது). நட்டை இறுக்கித் திருகாதீங்க, ஆர்ம் கையால தள்ளினா நகரணும்.

காப்பிக்கொட்டை
எஸ்எஸ்ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெட்டினா துரு பிடிக்காதே? சேலத்துல இருந்துட்டு, உருக்காலை ஊர்ல, எம்எஸ் போடச் சொல்றீங்க!

கொண்டலாம்பட்டி லேத்
அக்கா, உருக்காலை பக்கத்துல இருக்கிறதால படிக்கு மவுசு ஒண்ணும் கூடாது. 304 கிரேடு எஸ்எஸ் போடலாம், தப்பில்ல. ஆனா எஸ்எஸ் ஆர்ம்ல எஸ்எஸ் பின் போட்டா ரெண்டும் ஒட்டிப் பிடிச்சுக்கும், கழட்டவே முடியாது. அங்கயும் புஷ் கட்டாயம். எம்எஸ்ல ரெட் ஆக்சைடு, மேல எனாமல் அடிச்சா மழைக்குத் தாங்கும். கீறல் விழுந்தா நாமளே தொட்டுக்கலாம்.

பன்னிரண்டு வோல்ட்
இரும்பு வேலை முடிஞ்சதும் மோட்டார் நல்லா இருக்கும்னு நம்பிராதீங்க. படி கோணி நின்னப்போ அது எவ்வளவு முறுக்கியிருக்குன்னு யாருக்குத் தெரியும்.

யூனிட் வெளிய இருக்கும்போதே சோதிங்க. படியோட மோட்டாரை இணைக்கிற லிங்க் கம்பியில இருந்து மோட்டாரைக் கழட்டி, பேட்டரியில இருந்து நேரா ரெண்டு வயர், நடுவுல ஒரு ஃப்யூஸ். ஒரு பக்கம் சுத்தும். வயரை மாத்திக் கொடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். மோட்டார் சத்தம் வருது, ஆனா ஷாஃப்ட் நகரலைன்னா உள்ள கியர் பல் போயிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல சுத்தினா மோட்டார் நல்லா இருக்கு, அப்புறமும் படி வேலை செய்யலைன்னா கண்ட்ரோல் பெட்டியையோ கதவு சுவிட்சையோ பாக்கணும்.

கதவு சுவிட்ச்சுனா பெருசா ஒண்ணும் இல்ல. கதவுல ஒரு காந்தம், சட்டத்துல ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் கிட்ட வந்தா வேலை செய்யுறது). மல்டிமீட்டரை பீப் வைக்கிற இடத்துல வெச்சு, காந்தத்தைக் கிட்ட கொண்டு போய் எடுத்துப் பாருங்க. சத்தம் மாறணும். கேரவன்ல கதவு கீல் தொங்கித் தொங்கி இடைவெளி அதிகமாகும், சுவிட்ச்சுக்குக் காந்தம் எட்டாது. நிறைய பேர் அதைப் பாக்காம கண்ட்ரோல் பெட்டியை மாத்திட்டு இருக்காங்க.

இன்னொண்ணு. படிக்கு எந்த சைஸ் வயர் போட்டிருக்காங்கன்னு பாருங்க.

நாகலூர் வண்டி
வயர் மேல 1.5னு எழுதியிருக்கு. பேட்டரி வண்டியோட பின்பக்கம், பெட்டுக்குக் கீழ. வயர் போற வழி 5 மீட்டர் வரும்.

பன்னிரண்டு வோல்ட்
அப்படின்னா போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர் செம்பு. 1.5 சதுர எம்எம் வயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 13 ஓம். 10 மீட்டருக்கு 0.13. படி மடங்கும்போது மோட்டார் 15 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்கிட்டா, வயர்லயே 2 வோல்ட் காணாமப் போகும். பேட்டரியில 12 இருந்தா மோட்டாருக்கு 10தான். அதே 4 சதுர எம்எம் வயர் போட்டா இழப்பு முக்கால் வோல்ட். வீட்டு லைட்டுக்குப் போடுற வயர் நினைப்புலயே வண்டிக்கும் இழுத்திருக்காங்க. 230 வோல்ட்ல 2 வோல்ட் போனா யாருக்கும் தெரியாது. 12ல தெரியும்.

எர்த் வயரைச் சேஸிஸ்ல போல்ட் போட்டிருந்தா அந்த இடத்துப் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரியற மாதிரி பண்ணிட்டு இறுக்குங்க. மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க.

சங்ககிரி லாரி
எனக்கு ஒரு சந்தேகம். கழட்ட முடியலைன்னு வைங்க. போல்ட் துருப் பிடிச்சு வர மாட்டேங்குது. வண்டியிலயே வெச்சு வெல்டு பண்ணினா என்ன ஆகும்? நாங்க பேட்டரி டெர்மினல் கழட்டிட்டுப் பண்ணுவோம், இது வரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

மேட்டூர்க்காரன்
லாரியும் கேரவனும் ஒண்ணு இல்ல. கேரவன்ல தரைக்குக் கீழ பிளைவுட், சுவருக்குள்ள ஃபோம். பட்டறைக்காரர் கீழ வெல்டு வைக்கும்போது உள்ள புகையறது அவருக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டர் உள்ளேயே இருக்கும். அது போக பிஎஸ்6 வண்டியில இசியூ (எலக்ட்ரானிக் கண்ட்ரோல் பெட்டி) எத்தனை! கேரவன்ல பேட்டரியும் ரெண்டு. மேல சோலார் இருந்தா முதல்ல பேனல் வயரைக் கழட்டணும், அப்புறம்தான் பேட்டரி. மாத்திக் கழட்டினா சார்ஜ் கண்ட்ரோலர் போக வாய்ப்பிருக்கு. இவ்வளவும் பண்றதுக்கு நாலு போல்ட்டுக்கு துரு ஆயில் அடிச்சு ராத்திரி ஊறவிடறது சுலபம். வரலைன்னா தலைய கிரைண்டர்ல சீவிருங்க, புது போல்ட் போட்டுக்கலாம்.

கொண்டலாம்பட்டி லேத்
மேட்டூர் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். பிராக்கெட்டுல பளபளன்னு வெள்ளையா கால்வனைஸ் பூச்சு இருந்தா அது மேல வெல்டு வைக்க விடாதீங்க. துத்தநாகப் புகைய இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். பட்டறைப் பையனுக்குத்தான் வரும், உங்களுக்கு இல்ல, அதனாலதான் யாரும் சொல்ல மாட்டாங்க. சுரண்டி எடுத்துட்டு வைக்கணும்.

காப்பிக்கொட்டை
எல்லாரும் மோட்டாரைக் காப்பாத்தறதுலயே இருக்கீங்க. நான் மாத்திச் சொல்றேன். எங்க வண்டியில மோட்டார் படியக் கழட்டிட்டு, கையால இழுத்து மடக்கற படி போட்டுட்டோம். ஸ்பிரிங் வெச்சது, காலால ஒரு தட்டு, வெளிய வரும். மாமியாருக்கு மூட்டு வலி. அவங்க கால் வைக்கும்போது படி தானா நகருமோன்னு பயந்துகிட்டே இறங்குவாங்க. இப்ப அந்தப் பயம் இல்ல. மலையில மழை, சேறு, பனி எல்லாம் படிக்கு அடியிலதான் வந்து சேரும்.

பன்னிரண்டு வோல்ட்
நியாயம்தாங்க. ஆனா கையால மடக்கற படியில ஒரு ஆபத்து இருக்கு. மடக்க மறந்து வண்டி எடுத்துருவாங்க. அதைப் போட்டா ஒரு லிமிட் சுவிட்சும் (படி உள்ளயா வெளியயான்னு சொல்றது) டாஷ்போர்டுல ஒரு பஸ்ஸரும் கட்டாயம் வைங்க. படி வெளிய இருக்கும்போது சாவி போட்டா கத்தணும். வயரிங் சாதாரணம்தான்.

காப்பிக்கொட்டை
எங்க வீட்டுல பஸ்ஸர் நான்தான் 😄 சரி, வெச்சுடறேன்.

அப்பாவுக்காகக் கேக்குறீங்கன்னா ஒண்ணு மட்டும். படி சரியானாலும் கதவுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி வைங்க. ஒத்தைக் கைப்பிடின்னா உடம்பு ஒரு பக்கம் திரும்பி, எடை ஒரு ஆர்ம் மேலயே விழும். மிதிக்கிற தகட்டுல சொரசொரன்னு டேப் ஒட்டுங்க. எங்க ஏற்காட்டு மழையில அலுமினியத் தகடு வழுக்கிட்டுப் போகும்.

அஸ்தம்பட்டி அரட்டை
கிரீஸ் போடறதைப் பத்தி யாரும் சொல்லலையே. நான் எங்க வண்டிப் படிக்கு மாசா மாசம் கை நிறைய கிரீஸ் அப்பறேன்.

கொண்டலாம்பட்டி லேத்
அப்பாதீங்க. மேல அப்பின கிரீஸ் மண்ணைப் பிடிச்சு வெச்சு, அரைச்சுக் கொடுக்கும். மலையில செம்மண், கீழ வந்தா மேக்னசைட் வெள்ளைத் தூசி. நம்ம ஊர்ல ரெண்டும் உண்டு. புஷ்ல நிப்பிள் (கிரீஸ் ஏத்துற சின்ன வாய்) வெச்சு கிரீஸ் கன்ல அடிச்சா, புது கிரீஸ் உள்ள போய் பழைய அழுக்கை வெளிய தள்ளும். தள்ளினதைத் துணியில துடைச்சு எடுத்துடுங்க. வெளிய தெரியற லிங்க், ஸ்லைடு இதுக்கெல்லாம் சிலிகான் ஸ்ப்ரே போதும், காஞ்சிரும், தூசி ஒட்டாது.

நாகலூர் வண்டி
அப்டேட். படிய தோட்டத்துலயே கழட்டி, பெட்டுக்கு அடியில போட்டு மலை இறங்கினோம். மூணு போல்ட் வந்துச்சு, ஒண்ணு கிரைண்டர்தான். பைபாஸ்ல ஒரு லேத் பட்டறையில கொடுத்தேன். அவர் பார்த்த உடனே "வெல்டு வெச்சுரலாம்"னு எடுத்தார், ஆடற பின்னைக் காட்டினதும் தானாவே கீழ வெச்சுட்டு வெர்னியரை எடுத்தார்.

லேத் அண்ணன் சொன்ன மாதிரியே பழைய பின் முழு த்ரெட் போல்ட்டுதான். துளை உள்பக்கம் பூரா வரி வரியா அறுத்திருக்கு. 8 எம்எம் பிளேட்ல ரெண்டு ஆர்ம், நாலு கன்மெட்டல் புஷ், நிப்பிளோட. ஸ்டாப்பர் முனை ரெண்டும் ஒரே நேரத்துல தொடுதான்னு நடுவுல காகிதத் துண்டு வெச்சு இழுத்துப் பாத்தார். ஒரு பக்கம் காகிதம் உருவிட்டு வந்துச்சு, ஃபைல்ல ராவி ரெண்டு பக்கமும் பிடிக்க வெச்சார். மிதிக்கிற தகடு அலுமினியம், ஓரம் விரிசல். அதை டிக் (TIG) வெல்டுதான் பண்ணணும், சாதா ஆர்க் வெல்டுல நடக்காதுன்னு சொல்லி, வெல்டுக்குப் பதிலா அடியில பட்டை வெச்சு ரிவெட் அடிச்சுட்டார். மொத்தமா புது யூனிட் விலையில கால்வாசிகூட ஆகல.

மோட்டார் நேர் வயர்ல ரெண்டு பக்கமும் ஒழுங்கா சுத்துது. 4 சதுர எம்எம் வயர் வாங்கியாச்சு, மாட்டினதுக்கு அப்புறம் படி உள்ள போற வேகமே வேற. ரீட் சுவிட்சும் காந்தமும் விரல் அளவு தள்ளி இருந்துச்சு, கீல் திருகை இறுக்கி, சுவிட்ச் பிராக்கெட்டைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்தினேன்.

சங்ககிரி லாரி
காகிதம் வெச்சுப் பாத்தது நல்ல வேலைக்காரன். பட்டறை எதுன்னு எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க தம்பி, எங்க டிரெய்லர் தார்பாய் லாக்குக்கும் புஷ் அடிக்கணும்.

பன்னிரண்டு வோல்ட்
ஃப்யூஸ் பழைய அளவேதான? வயர் பெருசு பண்ணினதால ஃப்யூஸையும் பெருசு பண்ணிராதீங்க. அது மோட்டாருக்கான அளவு. அடுத்த தடவை படி எங்கயாவது சிக்கினா மோட்டாருக்கு முன்னாடி ஃப்யூஸ் போகட்டும்.

நாகலூர் வண்டி
பழைய ஃப்யூஸேதாங்க. பேட்டரிக்கிட்டயே இருக்கு.

ஆத்தூர் கேம்பர்
இழையைப் படிச்சுட்டுப் போய் என் வண்டியப் பாத்தேன். ரெண்டு தட்டுப் படி, கையால மடக்குறது. மேல் தட்டுப் பின்னும் லேசா ஆடுது, இன்னும் முறியல. இப்பவே புஷ் போடலாமா, ஆர்மையும் மாத்தணுமா?

கொண்டலாம்பட்டி லேத்
ஆர்ம் வளையலைன்னா மாத்த வேண்டாம். துளைய 16க்கு விரிச்சா சுத்தி எவ்வளவு இரும்பு மிஞ்சுதுன்னு அளந்து பாருங்க. எல்லாப் பக்கமும் 8 எம்எம் இருந்தா தைரியமா புஷ் அடிங்க. அதை விடக் கம்மின்னா ஆர்மும் புதுசு. ரெண்டு தட்டுல மேல் தட்டுப் பின்தான் கீழ்த் தட்டு எடையையும் தாங்கும், அதனால அதுக்கு மட்டுமாவது இந்த வாரமே பாத்துருங்க.